பசியின்மை என்னும் பெயரும் பதின்ம வயதினர்க்கான பேச்சுவழிச் சிகிச்சையும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

பதின்ம வயதுப் பெண் ஒருத்தி நாளுக்கு நாள் உணவைக் குறைத்து உடல் மெலிந்து வருகையில், "ஏன் சாப்பிடவில்லை?" என்றே வீட்டாரும் ஆசிரியரும் முதலில் வினவுகின்றனர். "பசிக்கவில்லை" என்பது அவள் பெரும்பாலும் தரும் விடை. மருத்துவ உலகம் அவ்விடையையே நோய்க்குப் பெயராகவும் சூட்டிவிட்டது. 'அனோரெக்ஸியா' என்னும் கிரேக்க வழிச் சொல்லின் பொருள் உண்ணும் விருப்பம் இன்மை என்பதாம். தமிழிலும் நாம் அதனைப் 'பசியின்மை' என வழங்கி வருகிறோம். ஆயின், இந்நோயுற்றோர் பலர்க்குப் பசி உண்டு. அதனை அடக்குவதிலேயே அவர்தம் நாள் கழிகிறது. பெயரே பிழைபடுமாயின், சொல்லையே மருந்தாகக் கொள்ளும் சிகிச்சை எங்ஙனம் அமையும்? இவ்வினாவை முன்வைத்து, இத்துறையில் செல்வாக்குப் பெற்ற பேச்சுவழி முறைகள் இரண்டினை இங்கு மதிப்பிட முற்படுகிறோம். இந்நோய் ஆண்பிள்ளைகளையும் பற்றும். பெரும்பான்மை கருதியே பெண்பாலாற் குறிக்கிறோம்.

கேட்டலை முதன்மைப்படுத்திய முறை

ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய மருத்துவர் ஹில்டே புரூக் 1978ஆம் ஆண்டு 'பொற்கூண்டு' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். செல்வம் மிக்க தன் வீட்டில் தன்னைப் பொற்கூண்டில் அடைபட்ட சிட்டுக்குருவியாக உணர்ந்த பெண்ணொருத்தியின் உவமையே நூற்பெயராயிற்று. நோயாளியின் உவமையை நூலின் தலைப்பாக்கியமை புரூக்கின் அணுகுமுறையை நன்கு புலப்படுத்துகிறது.

குழந்தை அழும்போது அதன் தேவை அறிந்து ஊட்டாமல், தாய் தன் எண்ணப்படியே ஊட்டிவரின், அக்குழந்தை தன் பசியைத் தானே இனங்காணக் கற்பதில்லை என்பது புரூக்கின் கருத்து. அத்தகைய பெண் வளர்ந்த பின்பும் தன் உடல் தனக்கு உரியதன்று என்றே உணர்கிறாள். எனவே, மருத்துவர் அவள் மனத்தை விளக்கிப் பொருள் கூறத் தொடங்கினால் பழைய தீங்கே மீண்டும் நிகழும் என்று புரூக் எச்சரித்தார். அவள் உணர்வதை அவளே கண்டு சொல்லும்வரை மருத்துவர் அறியாதவராய் இருந்து கேட்க வேண்டும் என்பதே அவர் வகுத்த நெறி.

நோயின் தோற்றத்தைத் தாய்மீது ஏற்றிய பகுதி இன்று ஏற்கத்தக்கதன்று. குடும்பமே இந்நோய்க்கு முதற்காரணம் என்னும் கருத்தை உணவுக் கோளாறுகளுக்கான பன்னாட்டுக் கல்விக் கழகம் 2010ஆம் ஆண்டு வெளிப்படையாக மறுத்தது. ஆயினும், பிறர் உணர்வைப் பிறர் பெயரிட்டுரைத்தல் கூடாது என்னும் நெறி நிலைபெறத் தக்கது என்பது நம் கருத்து.

குடும்பத்தை நோக்கிய முறை

1873ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் கல்லும் பாரிசில் லசேக்கும் தனித்தனியே இந்நோயை விளக்கினர். உறவினர் இந்நோயாளியைப் பேணத் தகுதியற்றவர் என்று கல் கருதினார். நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்றார் லசேக். பின்வந்த வரலாறு இவ்விரு கருத்துகளுக்கும் இடையிலான வழக்கே எனலாம். 1978இல் சால்வடார் மினுசினும் அவர்தம் குழுவினரும் குடும்பத்தைச் சிகிச்சை அறைக்கு அழைத்து, அங்கேயே ஒன்றாக உணவருந்தச் செய்தனர். எனினும், அவர்களும் குடும்பத்தின் இயல்பிலேயே குறை கண்டனர்.

இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனை சார்ந்த குழுவினர் இக்குறைகாணலைக் கைவிட்டனர். ஜெரால்ட் ரசல் முதலானோர் 80 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1987இல் வெளிவந்தது. பதினெட்டு வயதிற்குள் நோயுற்று, மூன்றாண்டு நிறையாதவர்க்குத் தனியாள் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை மிகுபயன் தந்தமையை அது காட்டியது. 2001இல் ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிரேஞ்ச் ஆகியோர் பிறருடன் சேர்ந்து இம்முறையைக் கைந்நூலாக்கினர். காரணம் தேடுவதை இம்முறை தள்ளிவைக்கிறது. முதற்கட்டத்தில் உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோர் ஏற்கின்றனர். பின்னர் அது படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. நோய் வேறு, பிள்ளை வேறு என்று பேசப் பெற்றோர் பயில்கின்றனர்.

மதிப்பீடு

முதற்கட்டத்தில் பிள்ளையின் குரல் ஒடுக்கப்படுகிறது என்பது இம்முறைக்கு எதிரான குற்றச்சாட்டு. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயின், பட்டினியுற்ற மூளை எவ்வாறு பேசும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். 1944-45ஆம் ஆண்டுகளில் மினசோட்டாவில் நலமிக்க ஆடவர் 36 பேர் ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். உணவைப் பற்றிய ஓயாத நினைவும், சோர்வும், பிறரிடமிருந்து ஒதுங்குதலும் அவரிடத்தும் தோன்றின. எனவே, முதலில் உணவு, பின்னர் உரையாடல் என்னும் வரிசைக்குத் தக்க காரணம் உண்டு.

பயனும் அளவிடப்பட்டுள்ளது. 2010இல் வெளிவந்த ஆய்வொன்றில் 121 பதின்ம வயதினர் இரு பிரிவாக்கப்பட்டனர். சிகிச்சை முடிந்து ஓராண்டிற்குப் பின் குடும்பவழிச் சிகிச்சை பெற்றோருள் 49 விழுக்காட்டினர் முழு நலம் எய்தினர். புரூக்கின் சிந்தனைக்கு நெருக்கமான தனியாள் சிகிச்சை பெற்றோருள் 23 விழுக்காட்டினரே அந்நிலையை அடைந்தனர். இங்கிலாந்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் குடும்பச் சிகிச்சையையே முதலிற் பரிந்துரைக்கின்றன. எனினும், சிறந்த முறையிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் முழு நலம் எய்தவில்லை என்பதை மறத்தலாகாது.

வீட்டில் வழங்கும் சொற்கள் இங்கு நம் கவனத்திற்கு உரியன. தாயின் கண்டனச் சொற்கள் மிகுந்த குடும்பங்களில், பெற்றோரையும் பிள்ளையையும் ஒன்றாக அமர்த்திப் பேசுவதைவிடத் தனித்தனியே சந்திப்பது நற்பயன் தந்ததை ஐவன் ஐஸ்லர் குழுவினரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஒரே சிகிச்சை, ஒரே அறிவுரை. ஆயினும் வீட்டிற் புழங்கும் சொல் பயனை மாற்றிவிடுகிறது. எனவே, புரூக்கின் முறையும் மோட்ஸ்லி முறையும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பது நம் முடிபு. பின்னது உணவை மீட்கிறது. அவள்மீது பிறர் சுமத்தும் சொற்களைக் களையும் பணிக்கு முன்னது இன்றும் வேண்டப்படுகிறது.

பெயர் பற்றிய சிந்தனை

இனிப் பெயருக்கு வருவோம். 'பசியின்மை' என்பது பிள்ளையின் உணர்வை நாமே தீர்மானித்து உரைப்பதாகும். 'உணவு மறுப்பு' என்போமாயின் அது பிடிவாதம் என்னும் பழியைச் சுமத்தும். 'மெலிவு வேட்கை' என்றலும் முழுதும் பொருந்தாது. ஹாங்காங்கில் சிங் லீ குழுவினர் 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவருள் 41 பேரிடம் பருமனாகிவிடுவோம் என்னும் அச்சம் காணப்படவில்லை. வயிற்று உப்புசம் முதலியவற்றையே அவர்கள் காரணமாகக் கூறினர். மேலைநாட்டு இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டிருப்பின் அவர்தம் நோய் அறியப்படாமலே போயிருக்கும்.

தமிழ் மரபு இவ்வகையில் வறியதன்று. பசியைப் 'பசிப்பிணி' எனக் கூறும் மணிமேகலை, காயசண்டிகையின் தீராப் பசிக்கு 'யானைத்தீ' எனத் தனிப்பெயரும் தருகிறது. முனிவரின் சாபத்தால் வந்ததாயினும் அது அவளைப் பற்றிய தீ. அவளது இயல்பு அன்று. நோயையும் நோயாளியையும் பிரித்துப் பேசும் சொல்வழக்கு நமக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று. இதுகொண்டு காப்பியத்தில் இன்றைய உளமருத்துவம் உள்ளது எனக் கூறுதல் மிகையாகும்.

'உண்ணவியலா நோய்' என்னும் வழக்கை நாம் பரிந்துரைக்கிறோம். பசி உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிப்பதில்லை, காரணமும் கற்பிப்பதில்லை, பழியும் சுமத்துவதில்லை. மருத்துவத் துறையினரும் மொழியறிஞரும் இதனினும் தக்க சொல்லைக் காண்பாராயின் அதனை மகிழ்ந்து ஏற்போம்.

முடிவுரை

மாணவியின் மெலிவை முதலிற் காண்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியரே. சிகிச்சை அளித்தல் அவர் பணியன்று. பெற்றோர்க்கு உரைத்து மருத்துவரிடம் விரைந்து ஆற்றுப்படுத்தலே அவர் கடன். நோய் தொடங்கி மூன்றாண்டு நிறையாதவர்க்கே குடும்பச் சிகிச்சை மிகுபயன் தந்தது என்னும் 1987ஆம் ஆண்டு முடிவு, காலத்தாழ்வின் கேட்டினை உணர்த்தும். பெற்றோரிடம் நாம் முதலிற் கூறும் சொல்லே அவர்கள் அன்றிரவு உணவுமேசையிற் கூறும் சொல்லாகக் கூடும். "உங்கள் மகள் சாப்பிட மறுக்கிறாள்" என்பதற்கும் "உங்கள் மகளால் சாப்பிட இயலவில்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மொழியாசிரியராகிய நாம் நன்கு அறிவோம். அவ்வறிவு இலக்கண வகுப்போடு நின்றுவிடலாகாது.