பாட்டுக்கும் ஜி.எஸ்.எம். உண்டு

அருள்புரத்தில் பாட்டுக்குப் பஞ்சம் கிடையாது. பல்லடம் சாலையில் போகிற தனியார் பஸ்ஸில் இளையராஜா, டீக்கடையில் தேவா, லைன் வீட்டு வாசலில் பீகார் பையன்களின் செல்போனில் போஜ்புரி. பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் மிஷின் சத்தத்தை மீறி ஒரு ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும். இவ்வளவு கேட்கிற ஊரில் "இது எந்தக் காப்பிங்க?" என்று விசாரிக்கிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

துணி விஷயத்தில் நாம் இப்படி இல்லை. வட்டக் கட்டரை அழுத்தித் திருகி, 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி, தராசில் போட்டு ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பார்த்த பிறகுதான் சரக்கை ஒத்துக்கொள்வோம். 140-ம் 180-ம் ஹேங்கரில் தொங்கும்போது ஒரே டி-ஷர்ட்தான். கையில் பிடித்துப் பழகியவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அந்தக் கட்டர் வெட்டும் வட்டத்தின் குறுக்களவு சுமார் 11.3 சென்டிமீட்டர்; சிடியின் குறுக்களவு 12. பொருத்தம் தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

பாட்டின் ஜி.எஸ்.எம்.மைக் கிலோபிட்டில் சொல்வார்கள். ஒரு விநாடி ஓசைக்கு எவ்வளவு தரவு என்பது கணக்கு. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982-ல் சந்தைக்கு வந்த சிடியில், ஓசை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. இடது, வலது இரண்டும் சேர்த்து 1,411 கிலோபிட். செல்போன் கடையில் "எட்டு ஜிபி ஃபுல்லா ஏத்திரட்டுங்களா?" என்று கேட்டு மெமரி கார்டில் ஏற்றித் தந்தார்களே, அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் 128. சிடியில் இருந்ததில் பதினொன்றில் ஒரு பங்கு.

அப்படிக் குறைத்தவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் எம்பி3-ஐ வடிவமைத்தபோது பிடித்துக்கொண்ட உண்மை இது: ஒரு பெரிய ஓசை அடிக்கும்போது அதை ஒட்டியிருக்கும் சின்ன ஓசை நம் காதில் விழுவதில்லை. விழாததை நுணுக்கமாகப் பதிந்து இடத்தை ஏன் அடைக்க வேண்டும்? நிட்டிங் மிஷின் வரிசைக்கு நடுவே நின்று பேசிப் பார்த்தவருக்கு இந்தத் தத்துவத்தை விளக்கவே வேண்டாம். எம்பி3 செய்கிற வேலையை அந்த ஹாலே செய்துவிடுகிறது.

ஆகவே முதல் யோசனை: கம்பெனிக்குள் கேட்க 128 தாராளம். அங்கே சிடி தரத்தைக் கொண்டுபோவது வீண். சத்தத்தை ஜெயிக்க வால்யூமை ஏற்றினால் கெடுவது காதுதான். இன்னொன்று, சூப்பர்வைசர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டிக்கொள்பவர்கள் இங்கே ஏராளம். அப்படிக் கேட்டால் பாதி வாத்தியம் போச்சு. போன் செட்டிங்கில் அணுகல் வசதிகள் என்ற பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' இருக்கும். அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே காதில் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

ரசித்துக் கேட்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. பக்கத்து செட்டில் பவர் டேபிள் ஓடாத நேரமாகப் பாருங்கள். புதுப் பாட்டு வேண்டாம். தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவீர்களே, அந்தப் பாட்டை எடுங்கள். ஒரே பாட்டை சிடியிலும், பழைய மெமரி கார்டிலும், போனில் இருக்கும் பாட்டு ஆப்பிலும், ஒரே இயர்போனில், ஒரே அளவு வால்யூமில் கேளுங்கள். வால்யூம் முக்கியம். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நல்ல காப்பி என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

குரலிலிருந்து தொடங்கலாம். எம்பி3-ஐப் பட்டை தீட்டும்போது அந்த ஆய்வுக்குழுவின் பிராண்டன்பர்க், சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியமே இல்லாமல் பாடிய ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சோதித்தார். தனிக்குரலில் குறை ஒளிய இடமில்லை. எஸ். ஜானகியின் ஹம்மிங்கோடு ஆரம்பிக்கிற பாட்டு எதையாவது எடுத்து, மூச்சு இழுப்பதும், 'ச'வும் 'ஸ'வும் உரசுவதும் எப்படி விழுகின்றன என்று கவனியுங்கள். அடுத்து டிரம்ஸின் தாளத்தட்டு. மோசமான எம்பி3-யில் அது உலோகமாக ஒலிக்காது, தண்ணீரில் அலசுகிற மாதிரி 'ஷ்வ்ஷ்வ்' என்று குழையும். கடைசியாகப் பாட்டின் வால். வாத்தியங்கள் நின்ற பிறகு அந்த அதிர்வு எவ்வளவு தூரம் போய்த் தேய்கிறது? பென் டிரைவ் காப்பிகளில் பல சமயம் வாலே இருக்காது, வெட்டியிருப்பார்கள்.

பேஸ் கிதாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'மூடுபனி' (1980) படத்தில் யேசுதாஸ் கிதார் துணையோடு பாடும் பாட்டில், கீழே பேஸ் தனக்கென்று ஒரு மெட்டு போட்டுக்கொண்டே நடக்கும். டவுன் பஸ்ஸின் ஸ்பீக்கரில் அது வெறும் 'தும் தும்'தான். நல்ல காப்பியில் யேசுதாஸை விட்டுவிட்டு அந்த நடையை மட்டும் ஒரு முறை பின்தொடர்ந்து பாருங்கள். இளையராஜாவின் பாட்டில் ரெண்டு பாட்டு இருக்கிறது என்பது அப்போது புரியும். இந்த ஓசைக்கு 1,411 எல்லாம் தேவையில்லை, ஒழுங்கான 320 எம்பி3 போதும். 320-க்கும் சிடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்டுகிற நண்பர்களிடம், எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் டீச் செலவு அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் சிடி எதற்கு? 320 என்று எழுதியதெல்லாம் 320 இல்லை என்பதற்காக. திருட்டு இணையதளங்களில் 128-ஐயே ஊதிப் பெருக்கி 320 என்று பெயர் ஒட்டி வைப்பது சகஜம். ஃபைல் பெரிதாகும், போனது திரும்பி வராது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்தால் ஓசையைப் படமாகக் காட்டும். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரியால் வெட்டிய மாதிரி மேலே வெறுமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய பாட்டுகளில் மூலப் பதிவிலேயே அந்த உயரத்தில் ஒன்றும் இல்லாமல் போகலாம், அதனால் புதிய பாட்டில் சோதிப்பதே நியாயம்.

அதைவிடப் பெரிய விஷயம் மூலம். எந்த டேப்பிலிருந்து, எந்த இசைத்தட்டிலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் பாதித் தலையெழுத்து. இதில் சிடிக்கும் தனிச் சலுகை கிடையாது. நம் பக்கத்துக் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஔவையாராக வந்து பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். மோனோப் பதிவு என்பதால் இயர்போனில் குரல் தலைக்கு நடுவே ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது இரண்டு பக்கமும் பரவி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தால், பின்னாளில் யாரோ போலி ஸ்டீரியோ பூசியிருக்கிறார்கள். இரைச்சலே இல்லாமல் துடைத்து வைத்த காப்பியையும் உடனே நம்ப வேண்டாம். இரைச்சலோடு சேர்த்து அந்தக் கணீரென்ற குரலின் முனையையும் மழுக்கியிருப்பார்கள். எனக்குக் கொஞ்சம் 'ஸ்ஸ்' இருந்தாலும் பரவாயில்லை.

வேகமும் மாறியிருக்கும். டேப்பிலிருந்து கணினிக்கு மாற்றும்போது டேப் ஓடும் வேகம் கொஞ்சம் தவறினாலும் ஸ்ருதி ஏறும் அல்லது இறங்கும். ஒரே பாட்டின் நீளம் இரண்டு ஆப்பில் ஐந்தாறு விநாடி வேறுபட்டால் கீபோர்டு ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள். எஸ்.பி.பி. குரல் திடீரென்று இளமையாகக் கேட்பதன் ரகசியம் சில சமயம் இதுதான்.

வரிசையாகக் கேட்பது இன்னொரு ருசி. 2005-ல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்', புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவோடு பதிவான ஆறே பாடல். ஒன்று மட்டும் ஏறத்தாழ இருபது நிமிடம். இதை ஷஃபிளில் போட்டு நடுவில் ஒரு குத்துப்பாட்டு வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிடியைத் தட்டில் வைத்து மூடினால் முதலிலிருந்து கடைசிவரை அது சொன்னபடி நாம் கேட்கிறோம். 'நத்திங் பட் விண்ட்' (1988) மாதிரி தொகுப்புகளுக்கும் அதே மரியாதை. கையோடு உறையையும் வாசியுங்கள். அதில் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா என்று தெரிந்து கேட்பது வேறு. ரஹ்மான் வந்த பிறகு வாசித்தவர்களின் பெயர்கள் உறையில் ஒழுங்காக இடம்பெறத் தொடங்கின. ஆப்பில் அந்தப் பெயர்களைத் தேடிக் களைத்துவிடுவீர்கள்.

டவுன்லோடு என்பதும் இரண்டு வகை. ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் 'ஃபிளைட்' என்று ஒரு எம்பி3 கடை திறந்து, 2013 ஜூனில் மூடியது. அன்று காசு கொடுத்து இறக்கிக்கொண்டவர்களிடம் அந்த ஃபைல்கள் இன்றும் ஓடும், ஏனென்றால் அவை பூட்டில்லாத ஃபைல்கள். ஏர்டெல்லின் விங்க் 2024-ல் மூடப்பட்டபோது அதில் 'டவுன்லோடு' செய்து வைத்திருந்தவர்களுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. ஆப்பில் இறக்குவது வாடகை வீடு. வெளியூரிலிருந்து வந்து லைன் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகவே தெரியும்.

என் ஏற்பாடு இரண்டையும் சேர்த்தது. உயிராக நினைக்கிற பத்துப் பதினைந்து தொகுப்புகளை சிடியாக வாங்கி, கணினியில் ஃபிளாக் வடிவத்தில் ஏற்றிவிடுவது. ஃபிளாக்கில் தரம் இம்மியும் குறையாது, இடம் மட்டும் பாதியளவு போதும். ஒரு சிடிக்கு 300 எம்பி சுமாராக வைத்துக்கொண்டால் 64 ஜிபி கார்டில் இருநூறு தொகுப்பு அடங்கும். மற்றதெல்லாம் ஆப்பில் கேட்டுவிட்டுப் போகலாம். கணினியில் சிடி டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் மாட்டுகிற டிரைவ் கிடைக்கிறது. பரண்மேல் கிடக்கும் டிவிடி பிளேயரும் சிடியைப் பாடும். பின்னால் சிவப்பு, வெள்ளை பின்களை ஹோம் தியேட்டரில் சொருகினால் போதும்.

பழைய கடையில் வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளி நிறம் என்றால் ஆலையில் அச்சான தட்டு. நீலமோ பச்சையோ ஓடினால் யாரோ வீட்டில் எரித்தது, உள்ளே பழைய 128-ஆகவே இருக்கலாம். "150 பாடல்கள்" என்று உறையில் போட்டிருந்தால் அது எம்பி3 தட்டு, எடுக்காதீர்கள். நிஜ ஆடியோ சிடியில் 80 நிமிடத்துக்குமேல் அடங்காது. அடிப்பக்கம் மெல்லிய கீறல் இருந்தால் பயமில்லை, பிளேயரே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். ஆனால் படம் அச்சடித்த மேல்பக்கத்தில் ஆழமான கீறல் இருந்தால் வேண்டாம். ஓசையைத் தாங்கும் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. துடைக்க நம் ஊர்க் கட்பீஸ் பனியன் துணியே போதும்: நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.