சொரசொரப்பான பிடியும் காய்த்த கையும்

கைத்துப்பாக்கி சுடும் ஒருவரின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தால், அவர் எந்த வகைப் போட்டிக்குப் போகிறவர் என்பதை ஓரளவு கணித்துவிடலாம். ஓடியும் நின்றும் இலக்குகளை மாற்றி மாற்றிச் சுடும் ஐபிஎஸ்சி வகை வீரருக்கு நடுவிரலின் நடுக்கணுவில் ஒரு காய்ப்பு இருக்கும். விசைவளையத்தின் அடிவிளிம்பு அழுந்துகிற இடம் அது. க்ளாக் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் இது அதிகம் என்பதால் ‘க்ளாக் நக்கிள்’ என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. துணைக்குப் பிடிக்கும் கையில் கட்டைவிரல் மேடு தடித்திருக்கும். ஒலிம்பிக் பாணியில் ஒற்றைக் கையால் சுடுபவருக்கோ கட்டைவிரல் இடுக்கிலும், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பிலும் தோல் இறுகிக் கிடக்கும்.

இந்தக் காய்ப்புகளைப் பெருமையாகக் காட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பிடி எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் துப்பாக்கி கையில் நிற்கும், வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும், கை காய்த்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை சுடுதளங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் பாதி சரி. மறுபாதி பல கைகளைத் தேவையில்லாமல் புண்ணாக்குகிறது.

சரியான பாதியை முதலில் பார்க்கலாம். குண்டு குழலை விட்டுப் புறப்படும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. குழல் கைக்கு மேலே இருப்பதால் அந்த உதை நேராகப் பின்னோக்கி மட்டும் வருவதில்லை, முனையை மேலே தூக்கவும் செய்கிறது. இரண்டாவது குண்டை உடனே சுட வேண்டியவருக்குத் துப்பாக்கி கைக்குள் இம்மிகூட நகரக் கூடாது. நகர்ந்தால் அடுத்த குண்டுக்கு முன் பிடியைச் சரிசெய்ய வேண்டும், அதற்குள் நேரம் போய்விடும். வியர்வை இன்னொரு தொல்லை. உள்ளங்கை வெயிலுக்கு மட்டும் வியர்ப்பதில்லை, பதற்றத்துக்கும் வியர்க்கும். குளிரூட்டிய அரங்கில்கூட இறுதிச் சுற்றில் கை நனைந்துவிடும். லேசான ஈரம் தோலின் பிடிப்பைக் கூட்டும் என்றாலும், வியர்வை வழியத் தொடங்கினால் வழவழப்பான பிளாஸ்டிக்கோ மெருகேற்றிய மரமோ கைக்குள் நழுவும். அந்த நேரத்தில் சொரசொரப்புதான் காப்பாற்றுகிறது.

இந்தத் தேவை புதிதல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 கைத்துப்பாக்கியின் வால்நட் மரப் பிடியிலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிச் சிறு சிறு கூம்புகளை எழுப்பியிருந்தார்கள். 1920-களில் அதைத் திருத்தி 1911ஏ1 ஆக்கியபோது பிடிக்குப் பின்னாலுள்ள பாதுகாப்புக் கட்டையின் வாலை நீட்டினார்கள். அதற்கு முன் பின்னோக்கி வரும் சுத்தியல் கட்டைவிரல் இடுக்குச் சதையைக் கடித்துக்கொண்டிருந்தது. கையின் வலியைப் பார்த்துத் துப்பாக்கியின் வடிவத்தை மாற்றிய நல்ல முன்னுதாரணம் இது. பின்னால் வந்த சொரசொரப்பு மோகத்தில் இந்தப் பாடம் அதிகம் எடுபடவில்லை.

1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் முதலியோர் கூடி, மேலே சொன்ன வகைப் போட்டிகளுக்கான ஐபிஎஸ்சி அமைப்பைத் தொடங்கினார்கள். வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்து மதிப்பிடும் போட்டி வளர வளர, பிடியும் முரடாகிக்கொண்டே போனது. எஃகுச் சட்டத்தின் முன்பக்கத்தில் அங்குலத்துக்கு 30 கோடு கீறினால் கூம்புகள் நெருக்கமாகவும் மென்மையாகவும் இருக்கும். 20 கோடு என்றால் கூம்புக்குக் கூம்பு 1.27 மில்லிமீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றும் உயரமாகத் தனித்து நின்று தோலில் இறங்கும். பிளாஸ்டிக் சட்டத் துப்பாக்கிகள் வந்த பிறகு சூடான பற்றவைப்புக் கோலால் பிடி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்துவது வழக்கமானது. சிலர் ஸ்கேட் பலகையில் ஒட்டும் உப்புத்தாளை வெட்டிப் பிடியைச் சுற்றி ஒட்டினார்கள். க்ளாக் நிறுவனமே 2009 வாக்கில் கூர்முனைகள் நிறைந்த ஒரு முரட்டுப் பிடியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வெளியான நான்காம் தலைமுறை மாடலில் அதைவிட மிதமான சொரசொரப்பைத்தான் வைத்தது. நாள் முழுக்க இடுப்பில் வைத்துத் திரியும் காவலருக்கு முரட்டுப் பிடி சட்டையையும் இடுப்புத் தோலையும் அராவும். ஆண்டுக்குச் சில முறை மட்டுமே சுடுகிற அவருக்கு இதனால் கிடைக்கும் லாபமும் குறைவு.

இனி தவறான பாதி. தோல் ஒரே தகடு அல்ல, அடுக்கடுக்கானது. சொரசொரப்பான பிடி மேல்தோலைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. உதை வரும்போது உள்ளே இருக்கும் எலும்பும் சதையும் ஒரு பக்கம் நகர, மேல்தோல் பிடியோடு நின்றுவிடுகிறது. வழுக்கல் நின்றுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது தோலுக்குள்ளே இடம் மாறியிருக்கிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபடுகின்றன. ஒரே நாளில் அளவு மீறினால் அடுக்குகளுக்கு இடையே நீர் கோத்துக் கொப்புளமாகும். அளவுக்குள் நின்று மாதக்கணக்கில் தொடர்ந்தால், உடல் தற்காப்புக்காக மேற்பரப்புக் கொம்புப்படலத்தைத் தடிக்க வைக்கும். அதுதான் காய்ப்பு.

மெல்லிய, சமமான காய்ப்பு நல்லது. அது இருக்கும் வரை கொப்புளம் எளிதில் வராது. மேடு கட்டிய காய்ப்போ நேர் எதிர். சுற்றியுள்ள தோலைவிட உயர்ந்து நிற்பதால் அழுத்தம் முழுவதும் அங்கேயே குவிகிறது. அழுத்தம் கூடினால் இன்னும் தடிக்கும், தடித்தால் இன்னும் அழுத்தும். கடினமான அந்தத் தோல் கீழேயுள்ள மென்மையான அடுக்கைக் குத்தும்போது வலி தொடங்குகிறது. காய்ந்து வெடித்தால் ரத்தம் கசியும். காய்ப்புக்கு அடியில் கொப்புளம் கட்டினால் நீர் வெளியேற வழியின்றி விண்விண்ணென்று தெறிக்கும்.

வலிக்கிற கை நேர்மையாகப் பிடிக்காது. சுடுபவர் அறியாமலே அந்த இடத்தைத் தப்பவிட்டு விரல்களை இடம் மாற்றுவார், அல்லது உதை வருமுன்னே கையைச் சுருக்குவார். இரண்டுமே குண்டை இலக்கிலிருந்து விலக்கும். நழுவாமல் இருப்பதற்காக ஏற்றிய சொரசொரப்பு கடைசியில் பிடியைத் தளர்த்திவிடுகிறது. இந்தப் பழக்கத்தின் பெரிய ஓட்டை இதுதான். இதைப் பயிற்சியாளர்கள் போதிய அளவு கவனிப்பதாகத் தெரியவில்லை. குண்டில்லாமல் செய்யும் வெற்றுப் பயிற்சியில் நிலைமை இன்னும் மோசம். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிப் பிடிப்பதை மட்டும் ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான முறை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே உதையே கிடையாது, முரட்டுப் பிடிக்கு வேலையும் இல்லை. தோல் மட்டும் தேய்கிறது.

ஒலிம்பிக் கைத்துப்பாக்கியின் அணுகுமுறை வேறு. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோ வரை இருக்கலாம், மணிக்கட்டுக்கு எந்த ஆதாரமும் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனிநபர் வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணி வெண்கலமும் வென்றது இந்தப் பிரிவில்தான். இங்கே உதை மிகக் குறைவு. துப்பாக்கியைக் கையில் நிறுத்துவது பெரும்பாலும் வடிவம். விரல்களுக்குப் பள்ளம், உள்ளங்கை மேட்டுக்குக் குழிவு, கீழே கை விளிம்பைத் தாங்க ஏற்றி இறக்கும் தட்டு என்று மரத்தைச் செதுக்கியிருப்பார்கள். வாங்கிய பிடி அப்படியே யாருக்கும் பொருந்தாது. அழுத்துகிற இடத்தை அரத்தால் ராவுவார்கள், இடைவெளி இருக்கும் இடத்தில் பட்டி வைத்து நிரப்புவார்கள், காய்ந்ததும் மறுபடி பிடித்துப் பார்ப்பார்கள். பல வாரம் இப்படியே நடக்கும். கடைசியில்தான் மேற்பரப்பில் புள்ளி குத்துவார்கள்.

வடிவம் முதலில், சொரசொரப்பு பிறகு. இந்த வரிசைதான் சரி. வேகச் சுடுதலிலும் இதையே கடைப்பிடிக்க வேண்டும். அங்கே உதை பெரிது என்பது உண்மை. ஆனால் பெரிய உதைக்கு முதல் மருந்து கை உயரமாகவும் முழுமையாகவும் பற்ற இடம் கிடைப்பது. விசைவளையத்தின் அடிவிளிம்பைக் கொஞ்சம் குடைந்து வளைவாக்கினால் நடுவிரல் மேலே ஏறும், க்ளாக் நக்கிளும் அடங்கும், முனை தூக்குவதும் குறையும். பின்தகட்டை மாற்றிப் பிடியின் பருமனைக் கைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் வசதி இன்று பல துப்பாக்கிகளில் இருக்கிறது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் உப்புத்தாள் ஒட்டுவது, கடிக்கிற செருப்பைப் போட்டுக்கொண்டே காலுக்குக் களிம்பு தடவுவதற்குச் சமம்.

காய்ப்பு எங்கே வந்திருக்கிறது என்பதே நல்ல தகவல். இரு பக்கமும் சமமாக லேசாகத் தடித்திருந்தால் பிடி பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே புள்ளியில் மேடு கட்டியிருந்தால் அங்கே ஏதோ விளிம்பு அழுத்துகிறது அல்லது துப்பாக்கி அந்த இடத்தில் அசைகிறது. துணைக்கையின் கட்டைவிரல் மேட்டில் மட்டும் புண்ணாகிறது என்றால், அந்தக் கை போதிய இறுக்கத்தோடு பிடிக்காமல் ஒவ்வொரு உதைக்கும் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பிடியை மேலும் முரடாக்கினால் அந்தப் புண் ஆறாது.

துப்பாக்கியில் செய்ய வேண்டியதைச் செய்த பிறகும் கைக்குப் பராமரிப்பு தேவை. பலர் செய்கிற முதல் தவறு பிளேடால் சீவுவது. ஆழம் தவறினால் நல்ல தோல் அறுபட்டு, ஆறும்வரை பயிற்சி நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் கையைப் பத்து நிமிடம் ஊறவைத்து, கால் தேய்க்கும் பியூமிஸ் கல்லால் மேட்டை மட்டும் மெதுவாகத் தேய்ப்பதே போதும். சுற்றியுள்ள தோலின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், இளஞ்சிவப்பு தெரியும்வரை போகக் கூடாது. இரவில் யூரியா கலந்த களிம்பு தடவலாம். 10 சதவீத அளவில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலையே இளக்கும். கால் ஆணிக்கு விற்கும் சாலிசிலிக் அமிலப் பட்டையைக் கையில் ஒட்டுவது ஆபத்தான குறுக்குவழி, ஏனெனில் அமிலம் பக்கத்து நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரை நோயாளிகள் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நேரமும் முக்கியம். போட்டிக்கு முந்தைய இரவு காய்ப்பைத் தேய்த்துவிட்டு மறுநாள் மென்தோலோடு முரட்டுப் பிடியைப் பிடித்துத் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய போட்டி நெருங்கும்போது கையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். பராமரிப்பு வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டியது.

காய்ப்பு என்று எண்ணித் தேய்ப்பது சில சமயம் மருவாகவும் இருக்கும். காய்ப்பின்மேல் கைரேகைக் கோடுகள் தொடர்ந்து ஓடும். மருவில் அந்தக் கோடுகள் அறுபட்டு, உள்ளே சிறு கரும்புள்ளிகள் தெரியலாம். மருவைத் தேய்த்தால் பரவும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் ஈயம். குண்டுகளிலும் காற்றுத் துப்பாக்கிப் பெல்லட்டுகளிலும் ஈயம் இருக்கிறது, சுட்ட பிறகு அது கையில் படிகிறது. வெடிப்பில்லாத தோல் வழியாக அது அதிகம் உள்ளே போகாது, வாய் வழியாகப் போகும். வெடித்த காய்ப்பின் பிளவுகளில் தங்கும் தூளை அவசரக் கழுவல் நீக்காது. சுடுதளத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே சாப்பாட்டையும் களிம்பையும் தொட வேண்டும். கை வெடித்திருக்கும் நாட்களில் இதில் துளியும் அலட்சியம் கூடாது.

முரட்டுப் பிடிக்கு மாற்று இல்லாமல் இல்லை. சைக்கிள் டியூபை வெட்டிப் பிடிமேல் இழுத்துவிடுவது பழைய உத்தி. ரப்பர் தோலின் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும், கீறாது. பிடி சற்றுப் பருத்துவிடுவதும், வேகமாக உருவும்போது சட்டையில் சிக்குவதும் அதன் குறைகள். மலையேறுகிறவர்கள் கையில் பூசும் மக்னீசியம் கார்பனேட் தூளும் அதன் திரவ வடிவமும் வியர்வையை உறிஞ்சுவதால், பிடியை மிதமாக வைத்துக்கொண்டு போட்டி நாளில் மட்டும் பூசிக்கொள்ளலாம். அந்தத் தூள் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும் என்பதால் இரவில் களிம்பு கட்டாயம். ஏற்கெனவே அளவு மீறிச் சொரசொரப்பான பிடியை, நுண்ணிய உப்புத்தாளால் கூர்முனைகளை மட்டும் மழுக்கிச் சரிசெய்யலாம். பயிற்சிக்கு மட்டும் நடுவிரல் கணுவில் துணி நாடா சுற்றிக்கொள்வதிலும் தவறில்லை.

அங்குலத்துக்கு 20 கோடு கீறிய பிடி, தினமும் நூற்றுக்கணக்கில் சுட்டு, கையைச் சரியாகப் பராமரிக்கிற அனுபவசாலிக்கு உதவலாம். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு அது கேடு. பிடிக்கும் முறையே இன்னும் படியாத கையில், தவறான பிடியையும் நழுவாமல் நிறுத்திவைத்து, தவறை மறைத்துவிடுகிறது. கை வலிக்கிறது என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால், பழகிவிடும் என்று திருப்பி அனுப்பாமல், பயிற்சியாளர்கள் அந்தக் கையை விரித்துப் பார்க்க வேண்டும். எங்கே தடித்திருக்கிறது என்று பார்த்து, துப்பாக்கியில் அதே இடத்தை விரலால் தடவி, அரத்தையோ பட்டியையோ கையில் எடுக்க வேண்டும்.