‘போல’ இருக்கிறதா, இல்லையா? பத்மு தீவின் தரிசனத்தை ரசிப்பது எப்படி

வெளிப்படுத்தின விசேஷம் என்றாலே பாதிப் பேர் வேதத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். மிருகம், முத்திரை, 666, கடைசி காலம் என்று மேடையில் கேட்டுக் கேட்டு வந்த பயம் அது. இழப்பு சிறியதல்ல. இயேசுவின் முடி எப்படி, கண் எப்படி என்று நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வரிகூடக் கிடையாது. உயிர்த்தெழுந்தவரைத் தலை முதல் பாதம் வரை வர்ணிக்கும் இடம் இந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரம்தான். 12 முதல் 16 வரை, ஐந்தே வசனங்கள். அதைக்கூட வாசிக்காமல் பயப்படுகிறவர்களை என்ன சொல்வது?

அடிப்படை விஷயங்கள் அதிகமில்லை. ரோம ஆட்சிக் காலம். ஏஜியன் கடலில் பத்மு என்ற சிறு தீவு. யோவான் அங்கிருந்து இன்றைய துருக்கியின் மேற்கிலுள்ள ஏழு சபைகளுக்கு எழுதுகிறார். பேரரசர் டொமீஷியன் காலத்தின் கடைசி ஆண்டுகள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. புத்தகத்தின் மூன்றாம் வசனமே வாசிக்கிறவரையும் கேட்கிறவர்களையும் தனித்தனியாக வாழ்த்துகிறது. சபை நடுவில் உரக்க வாசிக்க எழுதப்பட்டது இது. ஆகவே வாய்விட்டுப் படிக்க வேண்டும். முன்னதாகத் தானியேல் 7, 10 அதிகாரங்களை ஒருமுறை புரட்டிவிட்டு வந்தால் போதும்.

இனிதான் விஷயமே.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது: ‘போல’ என்பது உவம உருபு. அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வசனங்களிலும் நடந்து பார்க்க வேண்டும். மனுஷகுமாரனுக்கு ஒப்பான ஒருவர். முடி பஞ்சு போல, கண் நெருப்பு போல, பாதம் உலையில் காய்ந்த வெண்கலம் போல, குரல் பெருவெள்ளம் போல, முகம் சூரியன் போல. யோவானுக்குச் சொல் போதவில்லை. கண்டதைச் சொல்ல, தனக்கு முன் கண்டவர்களின் சொற்களைக் கடன் வாங்குகிறார். வெண்மயிர் தானியேல் 7இல் ‘நீண்ட ஆயுசுள்ளவர்’ தலையில் இருந்தது. அதே அதிகாரத்தில் அவர் முன் கொண்டுவரப்படும் மனுஷகுமாரன் வேறொருவர். யோவானோ அந்த நரையை எடுத்து மனுஷகுமாரன் தலையிலேயே வைத்துவிட்டார். முதுமையைப் பற்றிய பேச்சே இல்லை இது. பிதாவின் அடையாளம் குமாரன்மேல் நிற்கிறது. முதல் நூற்றாண்டில் ஒரு யூதர் செய்யத் துணிந்த மிகப் பெரிய காரியம் இது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தனி விருந்து உண்டு. கிரேக்கத்தில் இருப்பது ஆட்டு ரோமமும் பனியும். நம் பழைய மொழிபெயர்ப்பில் அவை பஞ்சும் உறைந்த மழையும் ஆகின்றன. தானியேலிலும் அதே பஞ்சு, அதே உறைந்த மழை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் எதிரொலி காதில் விழும்.

இப்போது ‘போல’ இல்லாத இடங்கள். குத்துவிளக்குகள் விளக்குகளேதான். நட்சத்திரங்கள் நட்சத்திரங்களேதான். வாயிலிருந்து புறப்படும் இரு கருக்குப் பட்டயம் பட்டயமேதான். ஏசாயா 49இல் இதே படிமம் வருகிறது. எபிரேய மூலத்தில் அங்கே வாய் பட்டயம் ‘போல’ ஆக்கப்படுகிறது. பத்முவில் அந்தப் ‘போல’ உதிர்ந்துவிட்டது. உவமையாக இருந்தது பொருளாகவே வந்து நிற்கிறது! உவமை கண்டதன் சாயலைச் சொல்லும். ‘போல’ இல்லாமல் வரும் குறியோ தன் அர்த்தத்தைக் கேட்டு நிற்கும். 20ஆம் வசனத்தில் கிறிஸ்து விளக்கம் சொல்வது எவற்றுக்கு? நட்சத்திரங்களுக்கும் விளக்குகளுக்கும் மட்டும். நட்சத்திரங்கள் சபைகளின் தூதர்கள், விளக்குகள் சபைகள். வெண்கலத்துக்கோ பஞ்சுக்கோ அவர் அர்த்தம் சொல்லவில்லை.

இந்த வேறுபாடு பிடிபட்டால் ஆழமற்ற வாசிப்பு எது என்று உடனே தெரிந்துவிடும். வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு, பொன் என்றால் ராஜரீகம், வெண்மை என்றால் பரிசுத்தம் என்று பட்டியல் போடும் பிரசங்கம் அகராதி வேலை. அதில் தரிசனமே இல்லை. செய்தித்தாளைப் பக்கத்தில் விரித்துவைத்து வாசிப்பது அதைவிட மோசம். பெரியவர்களும் இங்கே தவறியிருக்கிறார்கள். 1522இல் லூத்தர் தன் முன்னுரையில், இந்தப் புத்தகத்தில் கிறிஸ்து போதிக்கப்படவும் இல்லை, அறியப்படவும் இல்லை என்று எழுதினார். முதல் அதிகாரத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எப்படித்தான் எழுத முடிந்ததோ! 1530இல் அவரே அந்த முன்னுரையை மாற்றி எழுதினார்.

ஓவியர்களிடமும் ஜாக்கிரதை தேவை. இந்தக் காட்சியை வைத்து 1498இல் டியூரர் வெளியிட்ட மரச்செதுக்கு அபாரமான வேலை. ஆனால் கண்களிலிருந்து நிஜமாகவே தீ நாக்குகள் கிளம்புகின்றன. ‘போல’வை விழுங்கிவிட்டால் இதுதான் நடக்கும். அதற்காக, மென்மையான பழுப்பு முடியோடு புன்னகைக்கும் காலண்டர் இயேசுவுக்கு ஓடிப்போவதும் தீர்வாகாது. அந்தக் காலண்டர் இயேசு முன் யாரும், 17ஆம் வசனத்தின் யோவானைப் போல, செத்தவனாக விழமாட்டார்கள்.

ஐந்து வசனங்களோடு நிறுத்தவும் கூடாது. 2, 3ஆம் அதிகாரங்களில் ஏழு சபைகளுக்கும் கடிதங்கள் போகின்றன. பெரும்பாலானவை இந்தத் தரிசனத்தின் ஒரு துண்டோடு தொடங்குகின்றன. பெர்கமுவுக்குப் பட்டயம். எபேசுவுக்கு நட்சத்திரங்களும் விளக்குகளும். தியத்தீராவுக்கு நெருப்புக் கண்களும் வெண்கலப் பாதங்களும். அந்த ஊரில் வெண்கலக் கொல்லர்களின் சங்கம் இருந்ததைக் கல்வெட்டு காட்டுகிறது. அந்தப் பாதங்களுக்கு யோவான் எழுதும் கிரேக்கச் சொல்லோ அதற்கு முந்தைய நூல் எதிலும் கிடைக்கவில்லை. உலை வெக்கையில் நின்றவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

கடைசியாக, பலர் தாண்டிப் போய்விடும் ஓர் இடம். 16ஆம் வசனத்தில் வலது கையில் ஏழு நட்சத்திரங்கள் இருக்கின்றன. டொமீஷியன் தன் இறந்துபோன குழந்தையை ஏழு நட்சத்திரங்களுக்கு நடுவே தேவனாக உட்காரவைத்து நாணயம் அச்சிட்டவர். அந்த நட்சத்திரங்கள் வேறொருவர் கையில் இருப்பதாகப் பத்முவிலிருந்து செய்தி வருகிறது. அடுத்த வசனத்தில் யோவான் பயந்து விழுகிறார். கிறிஸ்து கையை நீட்டி அவர்மேல் வைக்கிறார். எந்தக் கை என்று பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் இருந்த அதே வலது கை. வரைய உட்காரும் ஓவியர் அந்த ஏழையும் எங்கே வைப்பது என்று திணறுவார். யோவான் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தன் தோளோ தலையோ, எங்கே அந்தக் கை பட்டது என்பதையும் சொல்லாமல், பயப்படாதே என்ற குரலுக்குப் போய்விடுகிறார்.