ஏப்ரல் முதல் நாளும் மலேசியத் தமிழ் வானொலி வரலாறும்: ஒரு திறனாய்வு

1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ‘ரேடியோ மலாயா’ தோன்றியது. அந்நாளே இன்றும் நம் நாட்டு ஒலிபரப்பின் பிறந்த நாளாக நினைவுகூரப்படுகிறது. தமிழ் ஒலிபரப்பைப் பற்றி எழுதுவோரும், மேடைகளில் பேசுவோரும், மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களும் இந்நாளையே தமிழ் வானொலியின் தொடக்கமாகவும் கொண்டுவிடுவதைக் காண்கிறோம். ஒரு நாளைத் தொடக்கம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு முன் நிகழ்ந்தவை வெறும் முன்கதையாகச் சுருங்கிவிடும். பின் நிகழ்ந்தவை அந்நாளின் வளர்ச்சியாகவே தோற்றம் தரும். ஆகவே, ஏப்ரல் முதல் நாள் எதன் தொடக்கம், எதன் தொடக்கம் அன்று என்பதை ஆராய்வது தேவையாகிறது.

முதலில் அந்நாளையே நோக்குவோம். போருக்குப் பின் மலாயாவை ஆண்டுவந்த பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் 1946 மார்ச்சு இறுதியில் முடிவுற்றது. மறுநாளாகிய ஏப்ரல் முதல் நாள் ‘மலாயன் யூனியன்’ என்னும் புதிய ஆட்சியமைப்பு நடப்புக்கு வந்தது. ரேடியோ மலாயா ஓர் அரசுத் துறையாக உருவெடுத்ததும் அதே நாளில்தான். நிருவாகம் கைம்மாறிய நாள் என்பதே அத்தேதியின் பொருள். மலாய்க்காரர்களின் கடும் எதிர்ப்புக்கு ஆளான மலாயன் யூனியன் இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1948 பிப்ரவரி முதல் நாள் கூட்டரசு அமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. இன்று அவ்வாட்சியமைப்பின் பிறந்த நாளைக் கொண்டாடுவார் எவரும் இலர். அதனோடு ஒரே நாளில் பிறந்த வானொலியைக் கொண்டாடுகிறோம். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால், ஓர் அரசாணையின் தேதியை ஒரு மொழி காற்றில் ஒலிக்கத் தொடங்கிய தேதியாக எடுத்துக்கொள்வது மட்டும் பொருந்தாது.

இந்நாட்டின் ஒலிபரப்பு முயற்சிகள் 1946க்கு நெடுங்காலம் முற்பட்டவை. ஜொகூர் அரசின் மின்பொறியாளராக இருந்த பெர்ச் என்பார் 1921இல் வானொலிக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார் என்பது மலேசிய ஒலிபரப்பு வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படும் முதற்செய்தி. 1930 அளவில் கோலாலம்பூரின் பெட்டாலிங் குன்றிலிருந்து ஆர்வலர் கழகம் ஒன்று ஒலிபரப்பி வந்தது. பின்னர்ச் சிங்கப்பூரின் கால்டிகோட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் 1937இல் திறக்கப்பட்டது. இவை யாவும் பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளையும் வசதி படைத்தோர் வீடுகளையும் நோக்கியவை. தோட்டத்து வரிசை வீட்டில் பால்மரம் சீவியவனுக்கு அவற்றில் பங்கு இருந்திருக்க இயலாது.

தமிழ் வானொலி வரலாற்றில் நாம் தவறவிடக் கூடாத கட்டம் இதற்கு அடுத்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஒலிபரப்பு நிலையங்கள் ஜப்பானியர் கைக்குச் சென்றன. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21 அன்று கேத்தே அரங்கில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். அவ்வியக்கத்தின் ஆசாத் ஹிந்த் வானொலி பல இந்திய மொழிகளில் செய்தி வழங்கியது; தமிழும் அவற்றுள் ஒன்று. அப்படையிலும் ஜான்சி ராணிப் படைப்பிரிவிலும் சேர்ந்தோருள் மலாயாத் தோட்டத் தமிழர் மிகுதி என்பதை எண்ணினால், வானொலித் தமிழ் இங்கு முதன்முதலில் பொழுதுபோக்காக அன்றி அரசியல் அழைப்பாகவே பொருள்பெற்றது எனலாம். ஏப்ரல் 1946ஐத் தொடக்கமாகக் கொள்ளும் வரலாற்றில் இவ்வழைப்புக்கு இடமில்லை. மீண்டு வந்த ஆட்சியாளர் அதை மறக்க விரும்பியிருப்பர். நாமும் ஏன் மறக்கவேண்டும் என்பதே நம் வினா.

இத்தகைய விடுபாடு நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியா ஜூலை 23ஐத் தேசிய ஒலிபரப்பு நாளாகக் கொள்கிறது. அது 1927இல் பம்பாய் நிலையம் தொடங்கிய நாள். ஆனால், சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. பணமின்றி அது மூடப்பட்டபின் சென்னை மாநகராட்சி அப்பணியை 1930இல் ஏற்று நடத்தியது. உலக வானொலி நாளாகிய பிப்ரவரி 13உம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் வானொலி 1946இல் தொடங்கிய நாளே. நிறுவனங்கள் தம் பிறப்பையே கொண்டாடும். ஆர்வலர் கழகங்களுக்கும் தோற்றுப்போன அரசுகளுக்கும் நாட்காட்டியில் இடம் கிடைப்பதில்லை.

இனி, ரேடியோ மலாயா தமிழரை எவ்வாறு சென்றடைந்தது என்பதைக் காண்போம். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை இறுதிவரை நீடித்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பரப்புரைக்கு வானொலி ஒரு முதன்மைக் கருவியாயிற்று. புதுக்கிராமங்களிலும் மலாய்க் கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுக் கேட்புக் கருவிகள் வைக்கப்பட்டன. வீட்டில் வானொலி வாங்க வழியில்லாத தொழிலாளி, பொதுவிடத்தில் பலரோடு கூடி நின்று தன் மொழியில் செய்தியும் பாட்டும் கேட்டான். 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மலாயாவில் ஏறத்தாழ 7 இலட்சம் இந்தியர் இருந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தோட்டங்களைச் சார்ந்தே வாழ்ந்தனர். அவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதோர் பலர். நாளேட்டை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட பழக்கம் அங்கு முன்பே உண்டு. வானொலி அந்த வாசிப்பாளரின் இடத்தில் வந்து அமர்ந்தது.

இவ்விடத்தில் திறனாய்வாளர் இருவகைப் பிழைகளுக்கு ஆளாகலாம். அக்கருவியை அரசின் பரப்புரைக் குழாய் என்று மட்டும் கூறி ஒதுக்குவது ஒன்று. அதனைத் தமிழ் வளர்த்த தாய் என்று மட்டும் போற்றுவது மற்றொன்று. இரண்டும் ஒரே ஒலிபெருக்கியின் வழியே வந்தவை. பரப்புரைக்காக வைத்த கருவியில்தான் தோட்டத்துப் பிள்ளை, ஊர்ப் பேச்சுவழக்கு நீங்கிய, ஒலிப்புத் திருத்தமான பொதுத்தமிழைக் கேட்டது. தஞ்சையும் சேலமும் வட ஆற்காடும் கலந்து வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு அது ஒரு மொழிப்பள்ளியாகவும் இருந்தது. ‘நேயர்’ என்னும் சொல்லையே எண்ணிப் பார்க்கலாம். அன்புடையவர், நண்பர் என்று பொருள்பட்ட பழஞ்சொல், காண முடியாத கேட்பவரைக் குறிக்கும் சொல்லாயிற்று. கங்காணியின் அதட்டலைக் கேட்டுப் பழகிய செவிக்கு அவ்விளி எவ்வாறு இருந்திருக்கும் என்பது தனியே ஆராயத் தக்கது.

அடுத்த தேதிகளை விரைந்து கடக்கலாம். 1959 ஜனவரி முதல் நாள் ரேடியோ மலாயா சிங்கப்பூரிலிருந்து பிரிந்து கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. (சிங்கப்பூரில் 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு வந்ததும் அவ்வாண்டே.) 1963 டிசம்பர் 28 அன்று தொலைக்காட்சி தொடங்கியது. 1969இல் வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே துறையாயின. பிரிக்பீல்ட்ஸுக்கு அணித்தாக உள்ள அங்காசாபுரி அதன் இருப்பிடமாயிற்று.

தொலைக்காட்சியின் முதல் இருபது ஆண்டுகளுக்கு, அதாவது 1963 முதல் 1983 வரைக்கும், முறையான வரலாறு ஒன்று மலாய்மொழியில் உண்டு. அதை எழுதியவர் நம் நாவலாசிரியர் ரெ. கார்த்திகேசு. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிப் பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் சாதனத் துறைப் பேராசிரியராக விளங்கியவர் அவர்; 2016இல் மறைந்தார். ‘வானத்து வேலிகள்’, ‘அந்திம காலம்’ ஆகிய நாவல்களைப் பாடமாக்கும் நாம், அவருடைய ஒலிபரப்பு ஆய்வைத் தமிழ்ப் படிப்புக்குப் புறம்பானதாகவே கருதி வந்துள்ளோம். படைப்பாளி வேறு, ஒலிபரப்பாளர் வேறு என்று பிரித்துவைத்தது அவர் அன்று, நாம்தாம்.

இப்பிரிவினை மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையே பாதித்துள்ளது என்று கருதுகிறோம். நம் இலக்கிய வரலாறு பெரிதும் நாளேடுகளின் ஞாயிறு மலர்களைச் சான்றாகக் கொண்டு எழுதப்பட்டது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. ஏடு நின்றாலும் அதன் பழைய இதழ்களை நூலகத்தில் புரட்டலாம். ஒரு சிறுகதை வெளிவந்த நாளைச் சரிபார்க்கலாம். வானொலி நாடகமும் இசைச்சித்திரமும் மெல்லிசைப் பாடலும் இத்தகையன அல்ல. ஒலிபரப்பான மாலையோடு காற்றில் கலந்தவை அவற்றுள் பல. அச்சில் வந்ததே இலக்கியம் என்னும் அளவுகோலை நாம் வகுத்துக்கொண்டமையால், ஒரு தலைமுறை எழுத்தாளர் பேச்சுநடையையும் உரையாடல் உத்தியையும் பயின்ற களம் நம் கணக்கில் வரவில்லை. சிறுகதைகளில் உரையாடல் திடீரென இயல்பு பெறுவதைச் சுட்டிக்காட்டும் ஆய்வேடுகள், அதற்குக் காரணமாகத் தமிழ்நாட்டு எழுத்தாளரின் தாக்கத்தையே கூறிச் செல்கின்றன. மேசைமேல் இருந்த வானொலிப் பெட்டியையும் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

2005இல், ‘ஆறாம் வானொலி’ என்று எண்ணால் அறியப்பட்ட தமிழ் அலைவரிசை ‘மின்னல்’ என்னும் பெயரைப் பெற்றது. எண் பெயராயிற்று, அதுவும் தமிழ்ப் பெயர். வரவேற்கத்தக்க மாற்றம்தான். மறு ஆண்டு யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு வெளிவந்தது. 1980இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படப்பாடல் ஒன்றை அடியாகக் கொண்ட சொல்லிசை அதில் இடம்பெற்றது. தமிழும் ஆங்கிலமும் கலந்த கோலாலம்பூர் இளைஞரின் நடை அது. தமிழ்ப் பாட்டு சென்னையிலிருந்து இங்கு வருவதே வழக்கமாக இருந்த நிலையில், இங்கிருந்து ஒரு குரல் சென்னைக்குச் சென்றது. ‘பொல்லாதவன்’ (2007), ‘காலா’ (2018) ஆகிய படங்களில் யோகி பி பாடியதை மாணவர் நம்மினும் நன்கறிவர். தமிழாசிரியர் பலர் இந்நடையைக் கண்டு முகம் சுளிப்பதும் அறிந்ததே. அக்கவலையை நாம் எள்ளவில்லை. அறிவிப்பாளரின் ழகர ளகரப் பிழைகள் மாணவர் கட்டுரையில் வந்து விழுவதைத் திருத்துவோர் அவர்களே. எனினும், வானொலியின் செந்தமிழ் வளர்த்த செவிதான் இந்த ஒலிநயத்தையும் பழைய பாட்டுக்குள் கண்டெடுத்தது என்பதை மறுத்தல் இயலாது. இரண்டையும் பகைகளாக நிறுத்தும் திறனாய்வு, ஒன்றின் வரலாற்றைத்தான் எழுத முடியும்.

வானொலியின் பிறந்த நாளன்று பள்ளிகளில் நடைபெறும் பேச்சுப்போட்டிகளுக்குப் பதிலாக ஒரு பணியை முன்மொழிகிறோம். பிரிக்பீல்ட்ஸ் பழைய இரயில்வே குடியிருப்புகளிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களிலும், கிள்ளான் சுற்றுவட்டத் தோட்டங்களை விட்டு அடுக்குமாடிக்கு வந்த முதியோரிடத்தும், வானொலியில் பாடியவர், நடித்தவர், ஓயாது கடிதம் எழுதிய நேயர் எனப் பலர் இன்னும் உளர். அவர்களிடம் நாடகப் பிரதிகள் இருக்கலாம். வீட்டிலேயே பதிவுசெய்த ஒலிநாடாக்கள் இருக்கலாம். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரைச் சந்தித்து, அவர் கேட்ட முதல் வானொலிக் குரல் எது, எங்கே நின்று கேட்டார், உடன் யார் இருந்தனர் என்று பதிவுசெய்து வரலாம். நம் தட்பவெப்பத்தில் ஒலிநாடாக்கள் விரைவில் பூஞ்சணம் பிடிப்பவை. ஆகவே, இவ்வாண்டு விடுமுறைக்கு முன்பே இப்பணியைத் தொடங்குவது நலம்.