யார் சொல்லிப் பார்த்த படம்?

சினிமாவைப் பற்றி நம்மிடம் பேச்சு ஏராளம். எழுத்துதான் இல்லை. டீக்கடையில், விடுதி வராந்தாவில், கூட்டம் முடிந்து கடைசி பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்கும் நேரத்தில் நாம் பேசித் தீர்க்கிற படங்களை யாரும் குறித்து வைத்ததில்லை. குறித்து வைத்தவர்கள் வேறு ஆட்கள். திரைப்படச் சங்கம் நடத்தியவர்கள், உலக சினிமா பற்றிப் பத்தி எழுதியவர்கள், 'பார்த்தே தீரவேண்டிய நூறு படங்கள்' என்று பட்டியல் போட்டவர்கள். அவங்க குறிப்பு வரலாறு ஆச்சு. நம்ம பேச்சு காத்தோட போச்சு.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எம்.ஏ. படித்த காலத்தில் தொடங்கியது. இப்போது நான்காவது நோட்டு. கோடு போட்ட நீள நோட்டு. தேதி, எங்கே பார்த்தது, படத்தின் பெயர், யார் சொல்லிப் பார்த்தது, யாரோடு பார்த்தது, என்ன பட்டது என்று ஆறு கட்டம். செல்போனில் நட்சத்திரம் போட்டு வைக்கிற வழக்கம் இன்றைக்கு வந்துவிட்டது. மூன்றரை நட்சத்திரம் என்றால் என்ன பொருள் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. அரை நட்சத்திரம் எங்கே குறைந்தது, யாருக்குக் குறைந்தது?

ஆறு கட்டத்தில் எனக்கு முக்கியமானது நான்காவது: யார் சொன்னது. முதல் நோட்டைப் புரட்டினால் அந்தக் கட்டத்தில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், திரையிடல் நடத்திய அண்ணன்கள். பதேர் பாஞ்சாலி, பைசைக்கிள் தீவ்ஸ், ரஷோமான். அந்தப் படங்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. சைக்கிள் போனால் பிழைப்பே போகும் என்பதை இத்தாலிக்காரன் எடுத்துக் காட்டித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனாலும் அவன் காட்டியது நம்ம அப்பனைத்தான். என் கேள்வி படத்தைப் பற்றியது அல்ல, கொடுத்த விதத்தைப் பற்றியது. அந்தப் பரிந்துரைகள் கோயில் பிரசாதம் மாதிரி வந்தன. எட்ட நின்று வாங்கிக்கொள்ளலாம், திருப்பிக் கொடுக்க முடியாது. பதிலுக்கு நாம் ஒரு படம் சொன்னால் 'அது கமர்ஷியல்' என்பார்கள். நம்ம பாட்டைச் சொல்லும் படம் என்றால் 'அதில் பிரச்சாரம் தூக்கல்' என்பார்கள். பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கை நீளவேண்டாமா?

'தேவர் மகன்' (1992) ஓர் உதாரணம். திரைக்கதை கற்க வேண்டுமா, அதைப் பார் என்று எனக்குச் சொன்னவர்கள் குறைந்தது ஐந்து பேர். ஐந்து பேரும் நல்லவர்கள், முற்போக்காளர்கள். படம் தேசிய விருதுகள் வாங்கியது; கட்டுமானம் உறுதியானது; மறுக்கவில்லை. அரிவாளைக் கீழே போடச் சொல்லித்தான் படம் முடிகிறது, அதுவும் தெரியும். ஆனால் அந்தப் படத்தின் ஒரு பாட்டு இன்றைக்கும் சாதி விழாக்களில் ஒலிபெருக்கியில் போகிறது. குழாயைச் சேரிப் பக்கம் திருப்பிவைத்துப் போடுகிற ஊர்கள் உண்டு. அவர்கள் கேட்டது திரைக்கதை, நாம் கேட்டது குழாய். இரண்டும் ஒரே படத்திலிருந்துதான் வருகிறது. இதில் எது விமர்சனம், எது 'உணர்ச்சிவசப்படல்' என்று தீர்ப்புச் சொல்கிற நாட்டாமை யார்?

நாட்டாமை என்றதும் நினைவுக்கு வருகிறது. 'சின்னக் கவுண்டர்' 1992, 'எஜமான்' 1993, 'நாட்டாமை' 1994. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடிய இந்தப் படங்களை நோட்டு வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஆலமரம், சொம்பு, துண்டு, தீர்ப்பு எல்லாம் இருக்கிறது. சேரிதான் கண்ணில் படவில்லை. இவ்வளவு பெரிய ஊரில் செத்த மாட்டை யார் தூக்குகிறார்கள்? பிணக்குழி வெட்டுகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான்? நாட்டாமையின் வயலில் நாற்று நட்டது யார்? சேரி இல்லாத ஊரைக் கட்டினால் நாட்டாமை நீதிமானாகத்தான் தெரிவார். தீர்ப்புக்கு உட்பட்டவர்களைத்தான் படத்தை விட்டே தள்ளி வைத்தாயிற்றே!

இந்தப் படங்களுக்கு நோட்டில் நான் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். இடது பக்கம் படம், வலது பக்கம் அந்த வருடங்களில் நடந்தது. 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். போலீஸ் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கிய ஊர். 1997 ஜூன் 30, மேலவளவு. தனித்தொகுதியில் நின்று ஊராட்சித் தலைவரான முருகேசனும் உடன் ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். திரையில் பரம்பரை நாட்டாமைக்கு விசிலடித்த காலமும், தேர்தலில் ஜெயித்த தலைவரை வெட்டிச் சாய்த்த காலமும் ஒன்று. இந்தப் படம் அந்தக் கொலையைச் செய்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும், மற்றதைப் பக்கங்களே பேசிக்கொள்ளும்.

இனி, நம் மேல் இரக்கப்பட்டு எடுத்த படங்கள். இவற்றுக்காக ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: நம்ம ஆள் என்ன கொடுத்தார்?

'அச்சுத் கன்யா' (1936). ரயில்வே கேட்காரர் மகள் கஸ்தூரி, தண்டவாளத்தில் சண்டை போடும் இரண்டு ஆண்களைக் காப்பாற்ற ரயிலை மறிக்க ஓடிச் சாகிறாள். கொடுத்தது உயிர். 'சுஜாதா' (1959). வளர்த்த வீட்டம்மாவுக்கு ரத்தம் தேவைப்படுகிறது, சுஜாதா கொடுக்கிறாள், அதன்பிறகுதான் அந்தம்மாவுக்கு அவள் மகளாகிறாள். கொடுத்தது ரத்தம். 'பாரதி கண்ணம்மா' (1997). பண்ணையாரின் மகள் இறந்துபோக, பாரதி அவள் சிதையில் பாய்கிறான். கொடுத்தது உடம்பு. இவர்களுக்கெல்லாம் முன்னோடி நந்தன். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தில் நந்தனாக நடித்தார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு நந்தனைத் தீ வளர்த்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் பாத்திரத்தைக் கோபாலகிருஷ்ண பாரதி தன் சரித்திரக் கீர்த்தனையில் படைத்தார். வேதியர் புதிதாக வந்தார், தீ மட்டும் பழைய தீ. 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் 44 பேரை எரித்த தீயை நேரில் அறிந்த மண்ணில், 1997இலும் நம்ம ஆளைத் தீக்குள் இறக்கினால்தான் அவனுடைய காதல் தூய்மையானது என்று கொட்டகையில் கண்ணீர் வருகிறது. அழுதவர்களில் நம்மவர்களும் உண்டு. அந்தக் கண்ணீரை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தத் தீயை யார் மூட்டியது என்றுதான் கேட்கிறேன்.

ரேயின் 'சத்கதி' (1981) இதில் சேராது. மகளின் நிச்சயத்துக்கு நாள் குறித்துத்தரச் சொல்லி ஐயர் வீட்டுக்குப் போகிற துக்கி, அங்கே விறகு பிளந்தே சாகிறான். பிணத்தைத் தொடாமல் கயிறு கட்டி இழுத்துப்போகிறான் பார்ப்பனன். துக்கி எதையும் கொடுக்கவில்லை, அவனிடமிருந்து பிடுங்கப்படுகிறது. பார்க்கிறவருக்கு ஆறுதல் எதுவும் வைக்கவில்லை ரே. பட்டியல்காரர்கள் எனக்குச் சொன்ன ரே படங்களில் இது மட்டும் ஏன் இல்லாமல் போனது என்பதையும் நான்காவது கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏட்டில் எழுதாத குறிப்பு ஒன்று எங்க ஆயாவிடம் இருந்தது. 'மதுரை வீரன்' (1956) படத்தை டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தது அது. ஒரே கூரையின் கீழ் தமிழர் எல்லோரும் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று கா. சிவத்தம்பி எழுதினார். பெரிய அவதானிப்புதான். ஆனால் கூரை ஒன்று, இருக்கை வேறு: தரை, பெஞ்சு, நாற்காலி. குவித்த மணலை மிதித்துக் கலைக்கிற கால்களும் அந்தக் கூரைக்குள்தான் இருந்தன. அது கிடக்கட்டும். ஆயா அந்தக் கதையை நடவு வயலில், களத்தில், எங்களைத் தூங்கவைக்கும்போது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது. படத்தின் கணக்குப்படி வீரன் ராஜா வீட்டுப் பிள்ளை. காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதியரிடம் வளர்கிறான். கலைவாணரும் மதுரமும் அந்த அப்பன் ஆத்தா. ஆயா சொல்லும்போது ராஜா வரவே மாட்டார். "செருப்பு தைக்கிறவரு வூட்டுல ஒரு புள்ள இருந்துச்சு, பேரு வீரன்" என்றுதான் தொடங்கும். கடைசியில் மாறுகால் மாறுகை வாங்குவது மட்டும் அப்படியே வரும்.

படத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்டேன்: "ஏன் ஆயா, அவன் ராஜா பையன்ல?" ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னது: "அதெல்லாம் பொம்மியக் கட்டிக் குடுக்குறதுக்காவ பின்னாடி சொருகுனது. ராசா புள்ளையா இருந்தா எதுக்கு கைய கால வெட்டுறான்?"

ராஜ பிறப்பு என்பது சாதி மீறிய காதலைச் சாதிக்குள் அடக்கப் பின்னால் ஒட்டிய ஒட்டு என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக வாதித்ததை, கைநாட்டு வைக்கிற ஒரு கிழவி ஒற்றைக் கேள்வியில் முடித்துவிட்டது. அதுவும் விமர்சனம் எழுதவில்லை, கதையை மாற்றிச் சொல்லியே விமர்சனம் செய்துவிட்டது. ஒரு படத்தை இன்னொருவருக்குச் சொல்வது என்றால் அதுதானே? பார்த்ததை அப்படியே கைமாற்றுவதில்லை. நமக்கு ஆகாததை வெட்டிவிட்டுக் கொடுப்பது. அந்த வயலில் ஆயா சொல்லிக் கேட்ட பெண்கள் பிறகு தாங்கள் சொன்னபோது எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள்? குறிப்பு இல்லை. போய்விட்டது.

குறிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், படமே நிலையாக நிற்பதில்லை. 'கர்ணன்' 2021 ஏப்ரல் 9 அன்று வந்தது. கதை நடக்கும் ஆண்டு 1997 என்று முதலில் காட்டினார்கள். கொடியங்குளம் நடந்தது 1995, அப்போது இருந்தது வேறு ஆட்சி என்று ஆட்சேபம் வந்ததும் சில நாளில் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். 'ஜெய் பீம்' (2021) படத்தில் காவல் அதிகாரி வீட்டுச் சுவரில் அக்னி கலசம் போட்ட நாட்காட்டி இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அதுவும் மாறியது. இன்றைக்குப் பார்க்கிற மாணவருக்கு முதல் பிரதி தெரியாது. ஆண்டை மாற்றியது சரியா தவறா என்று வாதிக்கலாம். வாதிக்க வேண்டுமென்றால், முதலில் என்ன இருந்தது, யார் சொல்லி மாறியது என்று தேதி போட்டு எழுதி வைத்த கை ஒன்று வேண்டும். ரசனைக் குறிப்பு சாட்சியம் ஆகும் இடம் அது.

படம் கிடைக்காத காலத்தில் இந்தச் சொல்லுதல்தான் வழி. ஜப்பார் படேல் இயக்கி மம்மூட்டி நடித்த அம்பேத்கர் படம் 2000இல் தயார். தமிழ் பேசிக்கொண்டு நம் கொட்டகைக்கு வர 2010 டிசம்பர் ஆயிற்று. தாமிரபரணியில் 1999 ஜூலை 23 அன்று 17 பேர் செத்ததைச் சொல்லும் 'நதியின் மரணம்', மலக்குழித் தொழிலாளரைப் பற்றிய 'கக்கூஸ்' (2017) எல்லாம் எந்தப் பட்டியலிலிருந்தும் நமக்கு வரவில்லை. கைமாறி, பென் டிரைவில், தெருவில் வேட்டி கட்டிய திரையில் வந்தன. கூட்டத்துக்கு வந்தவர்களிடம் 'இதை உங்க ஊர்ல போடுங்க' என்று கொடுத்தனுப்பியதுதான் விநியோகம். இவற்றுக்கு என் நோட்டில் ஆறாவது கட்டம் நீளம். படத்தைவிட, பார்த்து முடித்தபின் எழுந்து பேசியவர்கள் சொன்னதைத்தான் அதில் எழுதியிருக்கிறேன்.

எங்களுக்குள் நோட்டை மாற்றிக்கொள்வது இப்போது ஆறேழு பேராக வளர்ந்திருக்கிறது. பெயர்ப் பட்டியல் மாற்றுவதில்லை, நோட்டையே கொடுக்கிறோம். படிக்கிறவர் ஓரத்தில் எழுதலாம். 'பரியேறும் பெருமாள்' (2018) பற்றி நான் எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். கடைசியில் வரும் இரண்டு டீ கிளாஸ், ஒன்றில் பால் டீ, ஒன்றில் கட்டன், நடுவில் பூ. அதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். ஒரு தோழர், பள்ளியில் ஆசிரியை, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்: "இத்தனை அடி, இத்தனை அவமானம் நடந்தும் ஜோவுக்குக் கடைசிவரை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் எட்டுப் பக்கத்திலும் சொல்லவில்லை."

இதை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அந்தப் படத்தின் குற்றச்சாட்டு. தன் வீட்டின் கொலைவெறி தெரியாமல் வெள்ளந்தியாக வளர்வதும் ஒரு சாதிச் சலுகை என்று பதில் எழுதினேன். அதற்கு அவர், சலுகை என்றால் அவளைக் கொல்லவும் அதே வீடு தயங்காதே, 'சைராட்' (2016) பார்த்தீர்களா என்று கேட்டார். அதில் ஆர்ச்சிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே டிராக்டர் ஓட்டிக்கொண்டு வருகிறாள். கடைசியில் ரத்தத்தில் நடந்துபோகும் குழந்தையின் கால்தடத்தில் தெரிந்தவளும் தெரியாதவனும் என்று பிரிவினை இல்லை என்கிறார் அவர். நாகராஜ் மஞ்சுளேயும் மாரி செல்வராஜும் ஒரே விஷயத்தை இரண்டு கோணத்தில் எடுத்தார்கள் என்பதோடு நான் நிற்கிறேன். அவர் நிற்கவில்லை. 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ரெனேவை வைத்து இன்னும் நான்கு பக்கம் எழுதியிருப்பதாகப் போன வாரம் சேதி வந்தது. நோட்டு இன்னும் கைக்கு வரவில்லை.