வல்லமையும் மனச்சான்றும்

விண்ணில் பறந்து தீயோரை வீழ்த்தும் வீரர்களின் தொலைக்காட்சித் தொடர்களை இலக்கியத் தராசில் நிறுக்கத்தான் வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். நன்மை தீமை பற்றி நம் பிள்ளைகள் அறியும் முதற்கதைகளுள் இவையும் சேர்ந்துவிட்டபடியால், நிறுத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

தூர்தர்ஷனில் 1997 முதல் 2005 வரை வந்த 'சக்திமான்' தொடரை இந்தி அறியாத தமிழ்ப் பிள்ளைகளும் விரும்பிப் பார்த்தனர். முகேஷ் கன்னா ஏற்ற இரு வேடங்களில், எழுத்தின் உயிர் கங்காதரிடமே இருந்தது. துருத்திய பற்களும் மூக்குக் கண்ணாடியுமாக வந்த அந்த நாளிதழ்ப் புகைப்படக்காரர், தெருக்கூத்தின் கட்டியங்காரனைப் போல நம்மைச் சிரிக்க வைத்தார். சக்திமானோ ஐயமும் சலனமும் அறியாதவர். ஆதலால் அறம் கதைக்குள் விளையாமல், பகுதியின் முடிவில் அறிவுரையாகச் சேர்க்கப்பட்டது. பிள்ளைகளை நேரே விளித்துப் பேசிய அந்தப் பரிவு பாராட்டத்தக்கதே. ஆயினும், சக்திமான் வந்து காப்பார் என நம்பிச் சில பிள்ளைகள் தமக்கே தீங்கிழைத்துக்கொண்டதாகச் செய்திகள் பரவியபோது, 'அப்படிச் செய்யாதீர்கள்' என்பதையும் கதைக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

நெட்ஃபிளிக்ஸ் 2015 முதல் 2018 வரை மூன்று பருவங்களாக வழங்கிய 'டேர்டெவில்' வேறு வகையானது. நாயகர் மேட் மர்டாக் பார்வையற்ற வழக்கறிஞர், கத்தோலிக்கர். முதற்பகுதியிலேயே குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் அவர், செய்த பாவத்துக்கன்று, செய்யப்போவதற்கு மன்னிப்புக் கேட்கிறார். மனஸ்தாபமும், இனிப் பாவம் செய்யேன் என்ற பிரதிக்கினையும் இன்றி மன்னிப்பு ஏது? அந்த ஒரு முரணிலிருந்தே கதை முழுவதும் கிளைக்கிறது.

முதற்பருவத்தின் இறுதியில் பகைவர் வில்சன் ஃபிஸ்க், நல்ல சமாரியர் உவமையைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கிறார். தம்மைச் சமாரியராகவே எண்ணியிருந்தவர், வழிப்போக்கரைத் தாக்கிய கள்வரின் இனம் தாம் எனக் கண்டுகொள்கிறார். கண்டும் மனம் திரும்பாமல் இறுகிப்போகிறார். புதுக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்களில் பாஸ்கா பார்த்தவர்களுக்கு, யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுகளோடு தத்தளிக்கும் கட்டம் இங்கே நினைவுக்கு வரும்.

குறையும் உண்டு. இரண்டாம் பருவத்தில் நிஞ்சாக்களோடு நடக்கும் சண்டைகள் மிகுந்தபோது எழுத்து தளர்ந்தது. வன்முறையும் கடுமையானது, சிறுவருக்கு உகந்ததன்று.

இருப்பினும் பெற்றோருக்கு இவ்விரண்டும் ஓர் அளவுகோலைத் தருகின்றன. தொடரில் நீதிபோதனை உண்டா என்று கேட்பதோடு அமையாது, நன்மையைத் தேர்ந்துகொள்ள நாயகன் எதை இழக்கிறான் என்றும் கேட்போமாக. அவன் எதையும் இழக்கவில்லையெனில், பிள்ளை கற்றுக்கொள்வது வல்லமையின்மீது வியப்பை மட்டுமே.