ஏழாவது அடி

ஆழ்வார்திருநகரி பக்கம் ஒரு கோயில் கொடை. மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்க ரோட்டோரம் நின்றிருந்தேன். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், நடுவில் தார்ச்சாலை. பெரிய மாட்டு ஜோடிகள் பறந்து வந்தன. வண்டியில் ஒருத்தர். கூடவே இன்னொருத்தர் சாட்டைக் கம்போடு ஓடி வருகிறார். சளீர், சளீர்! பின்னால் கூச்சல் போட்டபடி பைக் கூட்டம்.

முடிந்ததும் மாட்டுக்காரர் ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன். “இவ்வளவு அடி வேணுமா அண்ணாச்சி?”

“பிள்ள மாதிரில்லா வளக்கோம் சார்! பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம்னு நாங்க திங்காததெல்லாம் அது திங்குது. ரெண்டு தட்டு தட்டுனா உறைக்கவா போகுது? தோலு கெட்டி.”

பாசத்தில் பொய் இல்லை. தோல் விஷயம்தான் இடிக்கிறது. ஒரு ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற பிராணி மாடு. ஈ தெரிகிற தோலுக்குச் சாட்டை தெரியாதா? குதிரைக்கும் இதே ‘கெட்டித் தோல்’ கதையைத்தான் சொன்னார்கள். 2020-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைத் தோலையும் மனுஷத் தோலையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். வலியை உணரும் மேல்தோலில் நரம்பு முனைகள் விஷயத்தில் பெரிய வித்தியாசமே இல்லை.

குதிரைப் பந்தயத்தின் தாய்வீடான இங்கிலாந்தில் அடிக்குக் கணக்கு உண்டு. 2023-லிருந்து சமதளப் பந்தயத்தில் ஆறு, தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு. அதற்கு மேல் நாலு கூடிப்போனால் ஜெயித்த குதிரைக்கும் வெற்றி ரத்து. பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு பிடிபடவில்லை. ஆறாவது அடி விளையாட்டு, ஏழாவது கொடுமையா?

நம் சட்டம் இன்னும் தமாஷ். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி, விலங்கை அடித்துத் துன்புறுத்தினால் முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பரிசுப் பணத்தோடு ஒப்பிட்டால் டீச்செலவு! 2014-ல் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017-ல் மெரினா, புதுச் சட்டம். 2023-ல் அரசியல் சாசன பெஞ்ச் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பாரம்பரியத்தைப் பற்றி இத்தனை வருஷம் பேசினோம். சாட்டையைப் பற்றித் தனியாக எத்தனை நிமிஷம் பேசியிருப்போம்?

“சாட்டை இல்லாட்டி ரேஸ் ஏது?” என்கிறார்கள். ஒருத்தர் கையில் மட்டும் சாட்டை இருந்தால் அவருக்கு லாபம். எல்லார் கையிலும் இருந்தால் யாருக்கு லாபம்? எல்லாரும் கீழே போட்டாலும் ஏதோ ஒரு ஜோடி முதலாவதாக வரத்தான் போகிறது. இங்கிலாந்தில், பயிற்சி ஜாக்கிகள் சாட்டையை வீசாமலே ஓட்டும் பந்தயங்கள் உண்டு. அவற்றைச் சாதாரணப் பந்தயங்களோடு ஒப்பிட்ட ஆய்வும் 2020-ல் வந்தது. ஓடிய நேரத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். யோசித்தார்.

“எல்லாரும் போட்டா நானும் போடுதேன். மொதல்ல எவன் போடுவான்?”

நியாயமான கேள்வி. விழாக் கமிட்டிதான் சொல்ல வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, எல்லை எத்தனை மைல் என்று எல்லாம் நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது.